வெறியாட்டின் எச்சமா தெய்யம்? – ஓர் ஆய்வுப் போக்கு குறித்த மறுபரிசீலனை

முன்னுரை

கேரளத்தின் வடபகுதியிலுள்ள கண்ணூர், காசர்கோடு மாவட்டங்களின் ஊர்க்காவுகளில் நிகழும் தெய்யாட்டத்தைத் தமிழ் ஆய்வாளர் நெடுங்காலமாகவே அறிவர். சங்க இலக்கியம் கூறும் வெறியாட்டு இன்றும் உயிருடன் நிலவுவதற்குச் சான்றாக அது கருத்தரங்குகளில் எடுத்துக்காட்டப்படுகிறது. வேலன் என்ற பெயருடைய சமூகத்தாரே இன்றும் தெய்யம் ஆடுவோருள் ஒருவராக இருப்பதும், காவு, தோற்றம், களியாட்டம் முதலான சொற்கள் தமிழுக்கு அயலாக ஒலிக்காததும் இக்கருத்துக்கு வலுச் சேர்க்கின்றன. இவ்வகைக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் செல்கின்றன. வெறியாட்டுப் பாடல்கள் சில தரப்படும். தெய்யத்தின் ஆட்டமும் ஆவேசமும் வருணிக்கப்படும். பின்னது முன்னதன் எச்சம் என்ற முடிவு கூறப்படும்.

இம்முடிவு முழுதும் தவறு என்பது இக்கட்டுரையின் வாதமன்று. பண்டைத் தமிழகத்தின் ஒரு பகுதியாக இருந்த நிலத்தில் பழைய வழிபாட்டுக் கூறுகள் தொடர்வதில் வியப்பில்லை. ஆனால், எச்சம் என்ற ஒரே சொல்லால் தெய்யத்தை விளக்க முற்படும்போது அதன் இன்றியமையாத கூறு ஒன்று விடுபடுகிறது. கொல்லப்பட்டவர் தம் பெயரோடு திரும்பி வந்து, ஊரார் முன்னிலையில் தாமே பேசுவது தெய்யம். சங்க அகப்பாடல்களின் வெறியாட்டில் அப்பேச்சுக்கு இடமில்லை. இந்த வேறுபாட்டை விளக்குவதும், ஒப்பீட்டை எங்கிருந்து தொடங்குவது தகும் என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

தெய்யம்: களமும் முறையும்

தெய்யக் காலம் துலா மாதம் பத்தாம் நாளை ஒட்டித் தொடங்கி இடவ மாதத்தில் நிறைவுறுகிறது. ஏறத்தாழ அக்டோபர் இறுதி முதல் சூன் தொடக்கம் வரையிலான காலம் இது. பறச்சினிக்கடவு முத்தப்பன் போல ஆண்டு முழுவதும் ஆடப்பெறுவன விதிவிலக்கு. சில காவுகளில் ஆண்டுதோறும் களியாட்டம் நிகழும்; பன்னிரண்டு ஆண்டுகளோ அதனினும் மிகுதியான ஆண்டுகளோ இடைவெளி விட்டு நிகழ்வது பெருங்களியாட்டம். தெய்யங்களின் எண்ணிக்கை 400க்கு மேல் என்று பொதுவாகக் கூறப்படுகிறது.

காவுகளின் உரிமை நாயர், தீயர், வாணியர் முதலான சமூகத்தாரின் தறவாடுகளிடமும் ஊர்க்குழுக்களிடமும் உள்ளது. ஆடுவோர் வண்ணான், மலயன், வேலன், மாவிலன், கோப்பாளன், புலயன், அஞ்ஞூற்றான் முதலான, முன்பு தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்டிருந்த சமூகத்தார். குறிப்பிட்ட எல்லைக்குள் குறிப்பிட்ட தெய்யத்தை ஆடும் உரிமை ஒரு குடும்பத்திற்கு வழிவழியாக உரியது. இதனைச் செறுசன்மம் என்பர். நிகழ்ச்சிக்கு முன்னர் வெற்றிலையும் பணமும் கொடுத்து ஆடுவோரை நியமிக்கும் சடங்கு ‘அடையாளம் கொடுக்கல்’ எனப்படும். அதன்பின் ஆடுவோர் நோன்பு மேற்கொள்வார்.

நிகழ்ச்சி படிப்படியாக வளர்கிறது. முதலில் சிறிய ஒப்பனையோடு தோற்றம் பாடப்பெறும். சில தெய்யங்களுக்கு வெள்ளாட்டம் என்ற இடைநிலை உண்டு. பின்னர் முகத்தெழுத்து எழுதி, அணிகள் பூட்டி, காவின் முன்னர் முடி ஏற்றுவர். முடி ஏறியதும் ஆடுவோர் கையிலுள்ள சிறு கண்ணாடியில் தம் முகத்தைப் பார்க்கிறார். அவ்வேளை முதல் அவர் தெய்வமாகவே கொள்ளப்படுகிறார். ஆட்டம், பலி, நெருப்பில் பாய்தல் ஆகியவை தெய்யத்திற்குத் தெய்யம் வேறுபடும். இறுதியில் தெய்யம் ஊராரை அவரவர்க்குரிய விளிப்பெயரால் அழைத்துப் பேசி, மஞ்சட்பொடி அளித்து வாழ்த்துகிறது. இப்பேச்சினை உரியாட்டு என்பர்.

வெறியாட்டும் கோமரமும்

சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு ஒரு நோய்நாடும் செயல். களவொழுக்கத்தில் தலைவி மெலிகிறாள். காரணம் அறியாத தாய் கட்டுவிச்சியையோ வேலனையோ அழைக்கிறாள். வேலன் கழங்கு இட்டுப் பார்த்து, முருகன் அணங்கியது என்று கூறி, களம் அமைத்து, மறியறுத்து வெறியயர்கிறான். ஐங்குறுநூற்றின் வெறிப்பத்தும், அகநானூற்றில் வெறிபாடிய காமக்கண்ணியாரின் 22ஆம் பாடலும், நற்றிணையின் 34ஆம் பாடலும் இதனை நன்கு காட்டுகின்றன.

இச்செயல் தெய்யத்தோடு எவ்வளவு ஒக்கிறது? வேலன் முருகனின் வேலை ஏந்துகிறான், கண்ணி சூடுகிறான். ஆனால், அகப்பாடல்கள் காட்டும் வேலனுக்குத் தனித்த வரலாறுடைய ஒரு தெய்வத்தின் உருவை முகத்திலும் முடியிலும் எழுதிக்கொள்ளும் கோலம் இல்லை. அவன் தெய்வத்தின் குறிப்பை அறிவிப்பவன். தெய்யக் களத்தில் இத்தகைய ஒருவர் தனியே இருக்கிறார். கோமரம் அல்லது வெளிச்சப்பாடு என்று அழைக்கப்படும் அவர், பெரும்பாலும் காவுரிமைச் சமூகத்தைச் சார்ந்தவர்; வாளேந்தி ஆவேசமுற்று அருள்வாக்குக் கூறுபவர். தெய்யக் கோலம் ஆடுவோர் இவரினும் வேறானவர். ஆதலின் வெறியாட்டு வேலனோடு ஒப்பிடத்தக்கவர் முதன்மையாகக் கோமரமே. வேலன் என்ற சமூகப்பெயரின் ஒற்றுமை இந்த வேறுபாட்டைக் காணவொட்டாமல் மறைத்துவிட்டது எனலாம்.

தெய்யக் கோலத்திற்கு நெருங்கிய பழஞ்சான்று வேண்டுமாயின், வெறியாட்டைவிடச் சிலப்பதிகாரத்தின் வேட்டுவவரி பொருத்தமானது. அங்கே எயினர் குமரி ஒருத்தியின் கூந்தலைச் சடையாகக் கட்டி, பன்றிக்கோட்டைப் பிறையாகச் சூட்டி, புலிப்பல் தாலி அணிவித்துக் கொற்றவையாகக் கோலம் கொள்ளச் செய்கின்றனர். தெய்வமுற்ற சாலினி மன்றத்தில் நின்று பேசுகிறாள். கோலமும் பேச்சும் ஒரு களத்தில் இணையும் நிலை இது. எனினும் கோலம் கொண்டவள் ஒருத்தி, பேசுபவள் மற்றொருத்தி என்பதும் கருதத்தக்கது. தெய்யத்தில் இவ்விரண்டும் ஒருவரிடமே அமைகின்றன.

பேச்சின் உரிமை

வெறியாட்டுப் பாடல்கள் யார் கூற்றாக அமைகின்றன என்று நோக்குதல் வேண்டும். அவை பெரும்பாலும் தோழி கூற்றாகவும் தலைவி கூற்றாகவும் உள்ளன. நோயின் காரணம் தலைவன் என்பதை அவ்விருவரும் அறிவர், வேலன் அறியான். ஆகவே, வேலனின் சடங்கு அப்பாடல்களில் ஓர் எள்ளற்பொருளாகவே இடம்பெறுகிறது. அகநானூற்றுப் பாடலில், வெறியயர்ந்த இரவிலேயே தலைவன் வந்து நோய் தணித்ததை நினைந்து தலைவி நகுகிறாள். நற்றிணைப் பாடலில் தோழி, உண்மை அறியாது வெறிக்களத்திற்கு வந்த முருகனையே அறியாமை உடையவன் என்கிறாள். பாடலின் அகப்பொருள் நோக்கத்திற்கு இது மிகவும் பொருத்தமான உத்தி. ஆனால், வேலன் என்ன பாடினான், தன் சடங்கை எவ்வாறு விளங்கிக்கொண்டான் என்பவற்றை இப்பாடல்களிலிருந்து நாம் அறிய இயலாது. அவன் பிறரால் பேசப்படுபவன்.

தெய்யத்தில் நிலைமை வேறு. தோற்றத்தின் மொழியமைப்பே இதற்குச் சான்று. வரவிளி என்ற பகுதியில் தெய்வம் முன்னிலையில் விளிக்கப்படுகிறது. கதைப்பகுதியில் அதன் பிறப்பும் வாழ்வும் இறப்பும் பெரிதும் படர்க்கையில் கூறப்படுகின்றன. முடியேறிய பின்னர் உரியாட்டில் தெய்வம் தன்மையில் பேசுகிறது. படர்க்கையில் கூறப்பட்டவர் தன்மைக்கு மாறுவதே இச்சடங்கின் மொழிவழிச் சாரம். இம்மாற்றத்தை நிகழ்த்துபவர், காவினுள் நுழையும் உரிமை மறுக்கப்பட்டிருந்த சமூகத்தைச் சார்ந்தவர். அவர் தெய்வமாகப் பேசும்போது தறவாட்டுத் தலைவர் கைகூப்பிக் கேட்க வேண்டும்.

பொட்டன் தெய்யம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சங்கராசாரியாரை வழியில் எதிர்கொண்ட புலயன், விலகிச் செல்லக் கூறிய அவரோடு வாதிட்டதை அதன் தோற்றம் கூறுகிறது. குருதியின் நிறத்தில் சாதி உண்டா என்பது அவ்வாதத்தின் மையம். வடமொழி மரபில் இந்நிகழ்ச்சி சங்கரரின் ஞானம் முழுமை பெற்ற கதையாகச் சொல்லப்படும்; வந்தவன் சிவனே என்பது முடிவு. தெய்யக் களத்திலோ கனன்ற நெருப்புக் குவியலின்மீது சாய்ந்தபடி, எள்ளலும் குத்தலும் கலந்த மொழியில் அவ்வாதத்தைப் பொட்டனே நிகழ்த்துகிறான். கதை ஒன்றாயினும் யார் வாய்மொழி என்பதால் பொருள் வேறாகிறது.

நன்னனும் குறுப்பும்

எச்சக் கொள்கையின் கவர்ச்சியையும் எல்லையையும் ஒருசேர உணர்த்தும் ஒப்புமை ஒன்று உண்டு. குறுந்தொகையின் 292ஆம் பாடலில் பரணர், ஆற்றில் மிதந்து வந்த பசுங்காயைத் தின்ற பெண்ணைக் கொன்ற நன்னனைக் குறிப்பிடுகிறார். எண்பத்தொரு களிறுகளும் அவள் எடைக்கு நிகரான பொற்பாவையும் கொடுப்பதாகக் கூறியும் அவன் இணங்கவில்லை என்பது செய்தி. நன்னனோடு தொடர்புடையதாகச் சங்கப்பாடல்கள் கூறும் ஏழில்குன்றம் இன்றைய கண்ணூர் மாவட்டத்து ஏழிமலை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து.

அந்த ஏழிமலைக்கு வடக்கே நீலேசுவரத்தில் வழங்குவது பாலந்தாயி கண்ணனின் வரலாறு. தீயர் குலத்துச் சிறுவனாகிய கண்ணன், குருவாட்டுக் குறுப்பின் மாடுகளை மேய்த்து வந்தான். அவன் மாமரத்தின்மீது இருந்தபோது அவன் கையிலிருந்த மாங்கனி குறுப்பின் மருமகள்மீது விழுந்தது. அவள் முறையிட, குறுப்பின் சினத்திற்கு அஞ்சிய கண்ணன் மங்களூருக்கு ஓடினான். அங்கு நரசிம்ம வழிபாட்டில் ஈடுபட்டுப் பல ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பியவனைக் குளத்தில் நீராடும்போது குறுப்பு வெட்டிக் கொன்றார். அதன்பின் குறுப்பின் குடும்பத்திற்குக் கேடுகள் நேர்ந்தன. கண்ணனின் சினமே காரணம் என்று அறிந்து அவனுக்குக் கோலம் அமைத்தனர். அதுவே விஷ்ணுமூர்த்தித் தெய்யம். இதனை மலயர் ஆடுகின்றனர்.

மாங்கனி, அளவிறந்த தண்டனை, அடுத்தடுத்த நிலப்பரப்பு ஆகியவற்றைக் கண்டதும் ஒன்றை மற்றொன்றன் எச்சம் எனக் கூறத் தோன்றும். அதற்குரிய இடைக்காலச் சான்றுகள் நம்மிடம் இல்லை. பெருநிலவுடைமை வழங்கிய சமூகங்களில் கனியும் மரமும் உடைமையின் குறியாவதும், அதனைத் தொட்டவர் தண்டிக்கப்படுவதும் தனித்தனியே தோன்றக்கூடிய கதைக்கூறுகளே. ஒப்புமையைவிட வேறுபாடுதான் இங்கே மிகுதியாகக் கற்பிக்கிறது. குறுந்தொகைப் பாடலில் கொன்றவனுக்குப் பெயர் உண்டு. கொல்லப்பட்டவளுக்குப் பெயர் இல்லை. தலைவியைக் காவலில் வைத்த தாயைத் தோழி பழிப்பதற்கு அக்கொலை ஓர் உவமையாகப் பயன்படுகிறது. நீலேசுவரத்தின் வரலாற்றில் கொல்லப்பட்டவனுக்குப் பெயரும் வீடும் குலமும் உண்டு. அவன் ஓடிய வழியும் திரும்பிய நாளும் பாடப்படுகின்றன. கொன்றவரின் பெயர் அவன் வரலாற்றின் ஒரு பகுதியாகவே நிலைக்கிறது. கொன்றவனின் பழியை உவமையாக்கி நினைவில் வைப்பது புலவர் மரபு. கொல்லப்பட்டவனின் வாழ்வைப் பாடிக் காப்பது தெய்ய மரபு. பின்னதை முன்னதன் எச்சமாக்கினால் கண்ணன் மீண்டும் பெயரற்றவனாகிறான்.

எச்சம் என்னும் கருத்தாக்கம்

பண்பாட்டு எச்சம் என்ற கருத்தினை மானிடவியலில் நிலைநிறுத்தியவர் எட்வர்டு டைலர். 1871இல் வெளிவந்த தம் நூலில், ஒரு வளர்ச்சிநிலைக்கு உரிய வழக்கம் தன் பொருளை இழந்த பின்னரும் பழக்கத்தால் அடுத்த நிலையில் தங்கிவிடுவதை அவர் இச்சொல்லால் சுட்டினார். இதன்படி எச்சத்திற்கு நிகழ்காலப் பொருள் இல்லை. பழமையை அறிய உதவுவதே அதன் பயன். தமிழாய்வில் இக்கருத்து மொழிப்பற்றோடு இணைந்தது. நம் இலக்கியத்தின் தொன்மைக்குச் சான்று தேடும் ஆர்வத்தில், அயல்மொழிப் பகுதியின் வழிபாடுகளை நம் நூல்களுக்கு உரைநூல்களாக வாசிக்கப் பழகிவிட்டோம்.

இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. தெய்யங்களின் வரலாறுகள் சங்ககாலத்திற்கு மிகவும் பிற்பட்ட சமூகச் செய்திகளால் நிறைந்தவை. கதிவனூர் வீரனாகிய மந்தப்பன் மாங்காட்டிலிருந்து குடகுக்குச் சென்று மணந்து, குடகரோடு நிகழ்ந்த போரில் மாண்டவன். முச்சிலோட்டு பகவதி, சபையில் சொல்லிய விடைக்காகக் கற்பின்மீது ஐயம் கொள்ளப்பட்டு விலக்கப்பட்ட அந்தணக் கன்னி. தீப்புகுந்த அவளுக்கு வழிப்போக்கனாகிய வாணியன் தன்னிடமிருந்த எண்ணெயை ஊற்றினான் என்பது வரலாறு. கடாங்கோட்டு மாக்கம், நாத்தூணார் கூறிய பழியால் தன் இரட்டைக் குழந்தைகளோடு உடன்பிறந்தாராலேயே கொல்லப்பட்டவள். மரக்கலமேறி வந்த பகவதியரும், மாப்பிள்ளைத் தெய்யங்கள் எனப்படும் முசுலிம் மாந்தரின் கோலங்களும் கடல் வணிகத்தின் நினைவைத் தாங்கியவை. கோலத்துநாட்டு அரசு, குடகுப் போர், மருமக்கள்தாயக் குடும்பத்தின் உட்பூசல், அந்தணக் குடியிருப்பின் ஒழுக்கக் கட்டுப்பாடு எனப் பல அடுக்குகள் இவற்றில் உள்ளன. எச்சம் என்ற சொல் இவற்றையெல்லாம் மேற்படிந்த தூசாகக் கருதித் துடைத்துவிடுகிறது.

மலையாள ஆய்வாளர் இவ்வகையில் வெகுதொலைவு சென்றுள்ளனர். எம். வி. விஷ்ணு நம்பூதிரி தோற்றப் பாடல்களைத் திரட்டிப் பதிப்பித்தார். கே. கே. என். குறுப்பு 1973இல் வெளியிட்ட ஆங்கில நூலில் தெய்யத்தை வீரவழிபாட்டு வரலாற்றோடு இணைத்து ஆராய்ந்தார். வரலாற்றாசிரியர் திலீப் மேனன் 1993இல் எழுதிய கட்டுரை, மேலோரையும் கீழோரையும் ஓர் அறச்சமூகமாகப் பிணைத்த நிகழ்வாகத் தெய்யாட்டத்தைக் காண்கிறது. தமிழில் இவ்வாய்வுகளோடு உரையாடும் கட்டுரைகள் அரிதாகவே உள்ளன.

எதிர்ப்புக் குரல் என்னும் வாசிப்பின் எல்லை

எச்சக் கொள்கையை மறுப்பவர் தெய்யத்தை ஒடுக்கப்பட்டோரின் தூய எதிர்ப்புக் குரலாக மட்டும் கொள்வதும் உண்டு. அதுவும் முழுமையான வாசிப்பன்று. கண்ணனுக்குக் கோலம் அமைத்தது கொன்றவரின் குடும்பமே. தெய்வமாகிய கண்ணன் குறுப்பின் மரபை அழிக்கவில்லை; ஊரை வாழ்த்துகிறான். முடி இறங்கியபின் ஆடியவர் தம் பழைய சமூகநிலைக்கே திரும்ப வேண்டியிருந்தது. கண்ணனின் பெயரும் விஷ்ணுமூர்த்தி என்ற பெயருக்குள் அடங்குகிறது. நரசிம்மனின் இரணிய வதம் ஆட்டத்தில் முன்னிற்க, மாடு மேய்த்த சிறுவனின் கதை அதனோடு பிணைந்து நிற்கிறது. ஆகவே, கொலையை நினைவூட்டுவதும் அதன் சினத்தை ஆற்றுவதும் ஒரே சடங்கின் இரு பணிகள் ஆகின்றன. இம்முரணே தெய்யத்தின் உயிர்நிலை. அதனை ஒரு பக்கமாகச் சாய்ப்பது ஆய்வுக்கு உதவாது.

அமைப்பும் மாறாது நிற்கவில்லை. 1970 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கேரள நிலச் சீர்திருத்தம் தறவாடுகளின் நிலவுடைமையைத் தகர்த்தது. பல காவுகளின் பொறுப்பு ஊர்க்குழுக்களின் கைக்கு வந்தது. நெல்லும் நிலமும் பெற்று ஆடியவர் பணம் பெற்று ஆடும் நிலை வளர்ந்தது. பொருள் இழந்த எச்சமாக இருந்திருப்பின், தன்னைத் தாங்கிய நிலவுறவு சிதைந்தபோதே தெய்யமும் மறைந்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை.

ஒப்பிடத்தக்க தமிழ் மரபு

தெய்யத்திற்கு இணையான தமிழ் மரபைத் தேடுவோர் இரண்டாயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியதில்லை. குமரி, நெல்லை மாவட்டங்களின் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் அருகிலேயே உள்ளன. கொலையுண்டோர் தெய்வமாவது, கொடைவிழாவில் அவர் கதை பாடப்படுவது, கதையின் உச்சத்தில் சாமியாடி மீது தெய்வம் இறங்குவது ஆகியவை அங்கும் உண்டு. நா. வானமாமலை 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாகப் பதிப்பித்த முத்துப்பட்டன் கதை இதற்குச் சான்று. அந்தணனாகிய பட்டன் சக்கிலியர் குலத்துச் சகோதரியர் இருவரை மணந்து, தன் குலத்தொழிலை விட்டு, ஆநிரை காத்து மாண்டவன். அப்பெண்கள் பிறப்பால் அந்தணரே என்று மாற்றிய வடிவம் பின்னர் எழுந்ததை வானமாமலை சுட்டிக்காட்டினார். கதையின் மாற்றத்தைச் சாதி உறவின் மாற்றத்தோடு இணைத்து வாசித்த அம்முறை தோற்றப் பாடல்களுக்கும் பொருந்தும். கண்ணன் விஷ்ணுமூர்த்தியானதையும், புலயன் சிவனானதையும் முத்துப்பட்டன் கதையின் இம்மாற்றத்தோடு ஒருங்கு வைத்து ஆராயலாம்.

இவ்வொப்பீட்டிலும் வேறுபாடு கருதப்பட வேண்டும். வில்லுப்பாட்டில் பாடுபவர் வேறு, தெய்வமுறுபவர் வேறு. தெய்யத்தில் தோற்றம் பாடியவரே கோலமும் கொண்டு பேசுகிறார். பாட்டு எப்போது பேச்சாகிறது, யார் உடலில் ஆகிறது என்பது இரு மரபுகளுக்கும் பொதுவான ஆய்வு வினாவாக அமையும்.

முடிவுரை

வெறியாட்டுக்கும் தெய்யத்திற்கும் உள்ள உறவை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், ஒப்பீடு உரிய இணைகளுக்கிடையே நிகழ வேண்டும். வெறியயரும் வேலனைக் கோமரத்தோடும், வேட்டுவவரியின் குமரியைத் தெய்யக் கோலத்தோடும், தோற்றப் பாடலை வில்லுப்பாட்டோடும் ஒப்பிடுதல் தகும். தோற்றப் பாடல்கள், பாடியவரின் ஊர், குலம், பாடவேறுபாடு ஆகிய குறிப்புகளோடு தமிழில் பெயர்க்கப்பட வேண்டும். தமிழுக்கும் மலையாளத்திற்கும் இடையே நின்று பணியாற்றும் வெளிமாநிலத் தமிழ்த்துறைகளுக்கு இப்பணியில் தனிப்பொறுப்பு உண்டு.

சங்கப் புலவர் வேலனைப் பிறர் கூற்றின் வழியே காட்டினர்; அது அவர்தம் அகமரபின் தேவை. ஆய்வாளருக்கு அத்தேவை இல்லை. தம் வாயால் பேசும் ஒருவரைப் பேசப்படும் பொருளாக மாற்றாமல், அவர் கூறுவதை முதலில் கேட்டு எழுதுவதே இத்துறையில் நாம் தொடங்க வேண்டிய முறை.